வங்க வீரமங்கை பீனா தாஸ்

பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழா கல்வி உலகின் பெருவிழா ஆகும். பல ஆண்டுகள் அரிதின் முயன்று கற்ற இளைஞர், நீண்டு தொங்கும் அங்கியை மேலே அணிந்து, அறிஞர் நிறைந்த அவையில் அமர்ந்து பட்டம் பெறும் நன்னாள் அது. அவ்வங்கி அறிவின் அடையாளம், அடக்கத்தின் சின்னம். அத்தகைய அங்கியின் உள்ளே கைத்துப்பாக்கியை மறைத்துக்கொண்டு, இருபது வயது மங்கை ஒருவர் பட்டமளிப்பு மண்டபத்துள் புகுந்தார் என்றால், அதனை எளிதில் நம்ப இயலுமோ? அவர் கொடிய உள்ளம் படைத்தவர் அல்லர், நல்லாசிரியர் ஒருவரின் மகள், கல்வியில் சிறந்தவர். அவரே வங்க நாட்டு வீரமங்கை பீனா தாஸ். அவரை அச்செயலுக்குத் தூண்டியது யாது? அதன்பின் அவர் வாழ்ந்த வாழ்வு எத்தகையது? இவற்றை அறிந்து, நன்மை தீமைகளைச் சீர்தூக்கிப் பார்த்தல் மாணவர்க்குப் பெரிதும் பயன் தருவதாகும்.

பிறப்பும் பெற்றோரும்

பீனா தாஸ் 1911-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 24-ஆம் நாள் வங்க நாட்டில் உள்ள கிருஷ்ணநகரில் பிறந்தார். வங்க மொழியில் வகரம் பகரமாக ஒலிக்கும். ஆதலின் வீணா என்னும் இனிய பெயரே அந்நாட்டில் பீனா என வழங்குவதாயிற்று. இசைக்கருவியின் பெயரைத் தாங்கிய அக்குழந்தை, பின்னாளில் படைக்கருவி ஏந்தும் என்று பெற்றோர் கனவிலும் கருதியிரார்.

தந்தையார் பேணிமாதவ தாஸ் பிரம்ம சமாசத்தைச் சார்ந்தவர்; ஆழ்ந்த புலமையும் தூய ஒழுக்கமும் உடைய ஆசிரியர். கட்டாக் நகரில் உள்ள ரேவன்ஷா பள்ளியில் அவர் தலைமையாசிரியராக விளங்கியபோது, அவரிடம் பயின்ற மாணவருள் ஒருவர் சுபாஷ் சந்திர போஸ் ஆவர். தம் இளமை உள்ளத்தை ஆட்கொண்ட ஆசிரியர் அவரே என்பதைச் சுபாஷ் தம் வாழ்க்கை வரலாற்றில் நன்றியோடு எழுதியுள்ளார். ஆசிரியர் வேறூருக்கு மாற்றப்பட்ட பின்னரும், மடல் வழியாக அவருடைய அறிவுரைகளைச் சுபாஷ் பெற்று வந்தார். நாட்டிற்குத் தலைவர் ஒருவரை உருவாக்கிய நல்லாசிரியரின் இல்லத்தில் நாட்டுப்பற்று வளர்ந்ததில் வியப்பில்லை.

அன்னையார் சரளா தேவியும் தொண்டு உள்ளம் உடையவர். ஆதரவற்ற மகளிர் தங்கி வாழ்வதற்கென்று கல்கத்தாவில் புண்ணிய ஆசிரமம் என்னும் இல்லத்தை அவர் நடத்தி வந்தார். துன்புற்றவரைக் கண்டால் துணை நிற்றல் வேண்டும் என்னும் பாடத்தைப் பீனா ஏட்டில் கற்கவில்லை. தம் அன்னையாரின் அன்றாட வாழ்விலேயே கண்டு கற்றார். தமக்கையார் கல்யாணி தாஸும் விடுதலை வேட்கை மிக்கவர். 1928-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் தோன்றிய சாத்ரி சங்கம் என்னும் மாணவியர் அமைப்பை உருவாக்கியவருள் அவரும் ஒருவர். மாணவியர்க்குச் சிலம்பம், மிதிவண்டி ஓட்டுதல் முதலியவற்றைக் கற்பித்து, உடலுரமும் உள்ளத்துரமும் ஊட்டியது அச்சங்கம்.

மாணவப் பருவம்

பீனா கல்கத்தாவில் பெத்யூன் கல்லூரியிலும் டயோசீசன் கல்லூரியிலும் பயின்றார். பெண்கல்வியில் நாட்டிற்கே வழிகாட்டியாக விளங்கிய நிலையம் பெத்யூன் கல்லூரி. அவர் மாணவியாக இருந்த காலம் நாடெங்கும் கொந்தளிப்பு மிக்க காலம். இந்தியாவிற்கு எத்தகைய அரசியல் உரிமை அளிக்கலாம் என்று ஆராய்வதற்காக ஆங்கில அரசு சைமன் குழுவை அமைத்தது. அக்குழுவில் இந்தியர் ஒருவரேனும் இடம்பெறவில்லை. நம் நாட்டின் எதிர்காலத்தை முடிவு செய்ய அமைந்த குழுவில் நம்மவர்க்கு இடமில்லை என்பதை அறிந்து மக்கள் வெகுண்டனர். 1928-ஆம் ஆண்டில் அக்குழு இந்தியாவிற்கு வந்தபோது, எங்கணும் கதவடைப்பும் எதிர்ப்பும் நிகழ்ந்தன. கல்லூரி மாணவியரும் வகுப்புகளைப் புறக்கணித்தனர். அவ்வெதிர்ப்பில் பீனாவும் பங்கு கொண்டார்.

1930-ஆம் ஆண்டு காந்தியடிகள் உப்பு அறப்போரைத் தொடங்கினார். ஆயிரக்கணக்கான மக்கள் அடியுண்டும் திருப்பி அடியாது சிறை சென்றனர். அதே காலத்தில் வங்க இளைஞர் சிலர் வேறு வழியை நாடினர். அவ்வாண்டு ஏப்பிரல் 18-ஆம் நாள், இன்று வங்கதேசத்தில் உள்ள சிட்டகாங் நகரில், சூரியசேனர் தலைமையில் இளைஞர் படைக்கலச் சாலையைத் தாக்கினர். டிசம்பர் 8-ஆம் நாள் வினய், பாதல், தினேஷ் என்னும் மூன்று இளைஞர், கல்கத்தாவில் அரசின் தலைமைச் செயலகமாகிய ரைட்டர்ஸ் கட்டடத்துள் புகுந்தனர். அவர்கள் ஐரோப்பியரைப் போலக் கால்சட்டையும் மேற்சட்டையும் அணிந்திருந்தனர். ஆதலின் வாயிற்காவலர் ஐயுறவில்லை. மேற்சட்டையினுள் மறைத்திருந்த துப்பாக்கியால் சிறைத்துறைத் தலைவர் சிம்சனை அவர்கள் சுட்டு வீழ்த்தினர். மதிப்பிற்குரிய உடை, காவலரின் கண்ணை மறைக்கும் திரையாகவும் பயன்படக் கூடும் என்பதை நாடு அன்று கண்டது.

அரசின் அடக்குமுறையும் கடுமையாயிற்று. 1931-ஆம் ஆண்டு செப்டம்பர் 16-ஆம் நாள் ஹிஜ்லி என்னும் இடத்தில், உசாவல் இன்றியே அடைத்து வைக்கப்பட்டிருந்த அரசியல் கைதிகள்மீது காவலர் சுட்டனர். இருவர் மாண்டனர், பலர் புண்பட்டனர். காவலில் இருப்பவரைக் காக்க வேண்டிய அரசே அவர்களைக் கொன்றது என்னும் செய்தி இளைஞர் உள்ளத்தில் தீயை மூட்டியது. அவ்வாண்டு டிசம்பர் 14-ஆம் நாள் சாந்தி, சுனிதி என்னும் பள்ளி மாணவியர் இருவர் கொமில்லா நகரில் மாவட்ட ஆட்சியர் ஸ்டீவன்ஸைச் சுட்டுக் கொன்றனர். இந்நிகழ்ச்சிகள் யாவும் பீனாவின் உள்ளத்தை உலுக்கின. அறவழி ஒன்று, ஆயுத வழி ஒன்று. இளமையின் வேகமும் கண்ட கொடுமைகளின் வெம்மையும் அவரை இரண்டாம் வழியில் செலுத்தின.

விழா நாள்

பீனா 1931-ஆம் ஆண்டு பி.ஏ. தேர்வில் வெற்றி பெற்றார். பட்டமளிப்பு விழா 1932-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 6-ஆம் நாள் என அறிவிக்கப்பட்டது. வங்க ஆளுநரே பல்கலைக்கழக வேந்தரும் ஆவர். ஆதலின் விழாவில் உரையாற்றி இளைஞர்க்குப் பட்டம் வழங்குதல் அவர் கடமை. அப்போது ஆளுநராக விளங்கியவர் சர் ஸ்டான்லி ஜாக்சன். இளமையில் இங்கிலாந்துக் கிரிக்கெட் அணிக்குத் தலைமை தாங்கிப் புகழ் பெற்றவர் அவர். பலத்த காவலுக்கு இடையே வாழும் ஆளுநரை மாணவர் அணுகக் கூடிய நாள் அஃது ஒன்றே. அந்நாளைப் பீனா தேர்ந்துகொண்டார்.

புரட்சிக் கூட்டத்தைச் சேர்ந்த கமலா தாஸ் குப்தா என்னும் மங்கை அவர்க்குக் கைத்துப்பாக்கி ஒன்றைத் தேடித் தந்தார். அது சிறியது, உடையினுள் எளிதில் அடங்குவது. பட்டம் பெறுவோர் அணியும் அங்கியோ அகன்றது. தோள்முதல் தாழத் தொங்குவது. அங்கி அணிந்து வருபவர் பல்கலைக்கழகத்தின் மக்கள், விழாவிற்கு உரியவர். அவரை ஐயுற யார்க்குத் தோன்றும்? புடைவையின்மேல் அங்கி அணிந்து, அதனுள் துப்பாக்கியை மறைத்துக்கொண்டு, பீனா ஏனைய மாணவியரோடு செனட் மண்டபத்துள் சென்று அமர்ந்தார்.

அந்த மண்டபத்தில் பேராசிரியரும் அறிஞரும் பட்டதாரிகளும் நிரம்பியிருந்தனர். ஆளுநர் எழுந்து தம் உரையைத் தொடங்கினார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே பீனா இருக்கையை விட்டு எழுந்தார். மேடையை நோக்கி நடந்தார். துப்பாக்கியை வெளியே எடுத்துச் சுட்டார். மண்டபம் நடுங்கியது. துணைவேந்தராக இருந்த ஹசன் சுரவர்தி என்னும் மருத்துவப் பெரியார், தம் உயிரைப் பொருட்படுத்தாது பாய்ந்து சென்று பீனாவைப் பற்றிக்கொண்டார். அந்நிலையிலும் பீனா சுடுவதை நிறுத்தவில்லை. ஐந்து குண்டுகளும் குறி தவறின. ஆளுநர் உயிர் தப்பினார். அவையில் எவர் உயிர்க்கும் இறுதி நேரவில்லை. சுரவர்தியின் துணிவைப் பாராட்டி ஆங்கில அரசு அவர்க்குச் சர் பட்டம் அளித்தது. பட்டம் பெற வந்த பீனாவோ கைதியாகக் காவலர் நடுவே சென்றார்.

மறைக்காத உண்மை

துப்பாக்கியை அளித்தவர் யார் என்று காவலர் துருவித் துருவிக் கேட்டனர். பீனா ஒருவர் பெயரையும் கூறவில்லை. தாம் செய்த செயலின் பயனைத் தாமே தாங்குவதன்றிப் பிறரை அதில் இழுத்துவிட அவர் உடன்படவில்லை. அதே வேளையில், தம்மைக் காத்துக்கொள்வதற்காக ஒரு பொய்யும் புகலவில்லை. தனி நீதிமன்றத்தில் அவர் தம் செயலை முழுவதும் ஒப்புக்கொண்டு எழுத்து வடிவில் ஓர் உரை அளித்தார். ஆளுநராகிய தனி மனிதரிடம் தமக்குப் பகை இல்லை என்றும், அவர் தம் தந்தையைப் போன்றவர் என்றும், ஆயினும் நாட்டை அடிமைப்படுத்திய ஆட்சி முறையின் உருவாக அவர் நின்றமையால் சுட நேர்ந்தது என்றும் அவ்வுரையில் தெரிவித்தார். ஹிஜ்லி, மிதுனபுரி, சிட்டகாங் ஆகிய இடங்களில் நிகழ்ந்த அடக்குமுறைகள் தம் உள்ளத்தைத் தாங்க இயலா அளவு வருத்தியதையும் எடுத்துரைத்தார்.

துப்பாக்கியை மறைத்த பீனா, உண்மையை மறைத்தாரல்லர். இதுவே அவர் வரலாற்றில் நாம் ஊன்றி நோக்க வேண்டிய இடம். குற்றம் செய்தவர் பலர் கருவியை வெளியே காட்டிவிட்டுக் காரணத்தை மறைப்பர். பொறுப்பைப் பிறர் தலையில் ஏற்றுவர். இவரோ செயலையும் காரணத்தையும் பொறுப்பையும் அவையறிய ஏற்றுக்கொண்டார். நீதிமன்றம் அவர்க்கு ஒன்பது ஆண்டுக் கடுங்காவல் தண்டனை விதித்தது. பல்கலைக்கழகம் அவர்க்குரிய பட்டத்தை வழங்காது நிறுத்திவைத்தது.

அச்செயல் தக்கதோ?

இவ்விடத்தில் நடுவுநிலை பிறழாது சிந்தித்தல் வேண்டும். அன்று அம்மண்டபத்தில் இருந்தவர் ஆளுநர் ஒருவர் அல்லர். குற்றமற்ற ஆசிரியரும் மாணவரும் பலர் இருந்தனர். குறி தவறிய குண்டு அவருள் ஒருவர் மார்பில் பாய்ந்திருக்கக் கூடும். அங்ஙனம் பாயாமை நற்பேறே ஆகும். பீனாவிற்கும் அது நற்பேறே. மேலும், அங்கியை நம்பி அவை கதவைத் திறந்தது. நம்பிக்கைக்குரிய உடையில் படைக்கருவி மறைந்து வருமாயின், நல்லோர் அணியும் உடையையும் உலகம் ஐயுறத் தொடங்கும். இவற்றைக் கருதுங்கால் அச்செயலைப் போற்ற இயலாது.

ஆயினும், அச்செயலுக்குக் காரணமான கொடுமையை மறந்து இளைஞரை மட்டும் பழித்தலும் முறையன்று. பேச உரிமை இல்லை. உசாவல் இன்றிச் சிறை. சிறையில் இருப்பவர்க்கும் உயிர்க்காவல் இல்லை. இத்தகைய ஆட்சியில் நல்ல உள்ளமும் தீய கருவியைத் தேடும் நிலை உண்டாகிறது. பீனா நாடியது தம் நலம் அன்று, புகழும் அன்று. முன்னே தூக்குமேடையோ சிறையோ காத்திருப்பதை அறிந்தே அவர் அடி எடுத்து வைத்தார். அவ்வஞ்சாமையும் தந்நலமின்மையும் போற்றத்தக்கவை. கருவி மட்டும் போற்றத்தக்கதன்று. இவ்விரண்டையும் பிரித்து அறிதலே அறிவுடைமை.

சிறையும் தொண்டும்

பீனா ஏறத்தாழ ஏழாண்டுகள் சிறையில் வாடினார். அரசியல் கைதிகளின் விடுதலைக்காகக் காந்தியடிகள் வங்க அரசோடு பேசிப் பெருமுயற்சி செய்தார். அதன் பயனாகப் பீனா 1939-ஆம் ஆண்டு விடுதலை பெற்றார். சிறை சென்றபோது இருபது வயது நங்கை. வெளியே வந்தபோது இளமையின் பெரும்பகுதி கழிந்திருந்தது. ஆயினும் நாட்டுத் தொண்டில் அவர் உள்ளம் தளரவில்லை. அவர் காங்கிரசில் சேர்ந்தார்.

1942-ஆம் ஆண்டு வெள்ளையனே வெளியேறு இயக்கம் தொடங்கிற்று. பீனா கல்கத்தாவில் அவ்வியக்கத்தில் ஈடுபட்டு மீண்டும் சிறை புகுந்தார்; 1945-ஆம் ஆண்டு வரை சிறையில் இருந்தார். முன்னர் அவர் சென்றது மறைவழி. இப்போது சென்றது மக்களோடு கூடி வெளிப்படையாக நின்ற வழி. அங்கியுள் ஒளித்து வைக்கத் தக்க பொருள் ஒன்றும் அவர் கையில் இப்போது இல்லை. முதல் முறை ஒருவராக நின்று சுட்டபோது இருந்த துணிவு, இரண்டாம் முறை ஆயிரவரோடு நின்றபோதும் குறையவில்லை. துணிவிற்குத் துப்பாக்கி வேண்டுவதில்லை என்பதை அவர் வாழ்வே காட்டிற்று.

1946-ஆம் ஆண்டில் அவர் வங்கச் சட்டமன்ற உறுப்பினர் ஆனார். நாடு விடுதலை பெற்ற பின் மேற்கு வங்கச் சட்டமன்றத்தில் 1951 வரை பணியாற்றினார். 1947-ஆம் ஆண்டில், விடுதலைப் போரில் ஈடுபட்டவராகிய ஜதீஷ் சந்திர பௌமிக் என்பவரை மணந்தார். தம் வாழ்க்கை நினைவுகளை வங்க மொழியில் நூலாகவும் எழுதினார். அவர்தம் சமூகத் தொண்டைப் பாராட்டி இந்திய அரசு 1960-ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

இறுதிக் காலம்

கணவர் மறைந்த பின் பீனா கங்கைக் கரையில் உள்ள ரிஷிகேசம் சென்று தனிமையில் வாழ்ந்தார். பகட்டை விரும்பாதவர், தம் பழம்பெருமையைப் பிறரிடம் கூறித் திரியாதவர். ஆதலின் அங்கு அவரை அறிந்தார் மிகச் சிலரே. 1986-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் அவர் உயிர் நீத்தார். வழியோரத்தில் கிடந்த மூதாட்டியின் உடலைக் கண்டு வழிப்போக்கர் காவலர்க்கு அறிவித்தனர். அவ்வுடல் இன்னாருடையது என்பது பல நாள் சென்ற பின்னரே தெரிய வந்தது. ஒரு காலத்தில் நாடு முழுவதும் பேசிய பெயருக்கு உரியவர், பெயர் அறியாப் பிணமாகக் கிடந்தார். விடுதலையின் பயனை நுகரும் நாம், அதற்காக உழைத்தோரை எத்துணை விரைவில் மறந்துவிடுகிறோம் என்பதை எண்ணுங்கால் நெஞ்சம் நாணுகிறது.

பல்கலைக்கழகம் நிறுத்திவைத்த பட்டம் என்னாயிற்று? அது 2012-ஆம் ஆண்டில், விழா நிகழ்ந்து எண்பது ஆண்டுகள் கழிந்த பின்னர், பீனாவின் பெயரால் வழங்கப்பட்டது. சிட்டகாங் புரட்சியில் ஈடுபட்டு 1932-ஆம் ஆண்டில் உயிர் துறந்த பிரீதிலதா வத்தேதாருக்கும் பட்டம் அவ்வாறே நிறுத்தப்பட்டிருந்தது. அவர்க்கும் உடன் வழங்கப்பட்டது. பெறுதற்கு இருவரும் உயிரோடு இல்லை. எனினும் அப்பட்டம் வீணன்று. அவர்கள் கற்ற கல்வி உண்மையானது என்பதைப் பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது. ஆட்சியாளரின் சினம் நிலையற்றது. கல்வியால் வந்த தகுதி அழியாதது என்பதற்கு இதுவே சான்று.

மாணவர்களே! நீங்களும் ஒருநாள் பட்டமளிப்பு அங்கியை அணியப் போகின்றீர்கள். நீங்கள் வாழ்வது, நம்மை நாமே ஆளும் நாட்டில். குறை கண்டால் அவையில் எடுத்துரைக்கவும், எழுதவும், வாக்களித்து ஆட்சியை மாற்றவும் உங்களுக்கு உரிமை உண்டு. அவ்வுரிமை பீனா தாஸைப் போன்றோர் தம் இளமையை விலையாகத் தந்து ஈட்டிய பொருள். அதனைப் பேணுங்கள். அங்கியின் உள்ளே மறைத்துக் கொண்டு செல்லத்தக்கது ஒன்றும் உங்களிடம் இல்லாதிருக்கட்டும். அதன் உள்ளே துடிக்கும் நெஞ்சில் பீனாவின் அஞ்சாமையும் மெய்ம்மையும் நாட்டன்பும் நிறைந்திருக்கட்டும்.